மயிலையின் இடது ஓரத்துக் குமிழ்

இன்று காலை விமானங்கள் நிறுத்தும் ஹேங்கரின் பெரிய கதவைத் தள்ளியதும் சந்தன வாசனை முகத்தில் அடித்தது. ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாளாகிறது. வாசலில் கட்டிய வாழைக்கன்றுகள் தலை தொங்கிவிட்டன, சிந்திய பொரியைக் குருவிகள் தின்று தீர்த்துவிட்டன, சந்தனம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. பெட்ரோல் வாடைக்கும் எண்ணெய் வாடைக்கும் நடுவே அது வந்ததும், நீ பின்னால் நின்றுகொண்டு "என்னாடி மோந்து பாத்துக்கிட்டு நிக்கிற, போயி வேலையப் பாரு" என்று சொல்வாய் என்றே தோன்றியது. திரும்பிக்கூடப் பார்த்தேன். வெட்கக்கேடு, இந்த வயதில்.

மற்றதெல்லாம் அப்புறம். உன் மகள் நன்றாக இருக்கிறாள். நேற்றுப் பறக்கும்போது ஒரு சிக்கல் வந்தது, சமாளித்து இறங்கிவிட்டாள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. இப்போது என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பூஜைக்கு வந்த முறுக்கைத் தின்றுகொண்டிருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீ என்னைத் திட்டுவாய். பாதிச் சேதியைச் சொல்லி நிறுத்தி ஆளைத் தவிக்கவிடுவது என் பழக்கம் என்று எத்தனை தடவை சண்டைக்கு வந்திருக்கிறாய்! நீ இருந்திருந்தால் நேற்றே போனில் கத்தியிருப்பேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அதனால் எழுதுகிறேன்.

நாம் இந்த வேலைக்கு வந்ததை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அல்லிநகரத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த வீட்டுப் பெண் நீ. தேவதானப்பட்டியில் மாந்தோப்பும் கிணறும் என்று கிடந்த வீட்டுப் பெண் நான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் விமானம் ஓட்டப் படித்தேன், நீ அதைக் கழற்றி மாட்டப் படித்தாய். எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, போடிப் பக்கத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் ஆண்டிபட்டிக்குக் கிழக்கே வறண்ட மேட்டில் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்குகிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தோம். "பஸ்ஸே நேரத்துக்கு வராத காட்டுல பிளேனா?" என்று ஊரில் சிரித்தார்கள். மானாவாரி நிலம், மழை குறைவு, வானம் பெரும்பாலும் தெளிவு. பறக்கப் பழகுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

முதலாளி ஒவ்வொன்றாக வாங்கிப் போட்ட நாலு சின்ன விமானங்களுக்கும் நிறத்தைப் பார்த்து மாட்டுக்குப் பேர் வைப்பதுபோல் நீதான் பேர் வைத்தாய். செவலை, மயிலை, காரி, வெள்ளச்சி. நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. வெளியே நின்று பார்த்தால் கூடப்பிறந்தவர்கள். உள்ளே ஏறி உட்கார்ந்தால் நாலும் நாலு வீடு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடத்தில் செய்தது, ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு கை பட்டது. ஒன்றில் வேகம் மைல் கணக்கில் இருக்கும், இன்னொன்றில் ‘நாட்’ என்ற கடல்மைல் கணக்கில். ஒன்றில் பெட்ரோல் டாங்கி மாற்றும் கைப்பிடியின் கூர் முனை எந்தப் பக்கமோ அந்த டாங்கி. இன்னொன்றில் அதன் வால் முனை காட்டும் டாங்கி. குமிழ்கள் எல்லாம் கறுப்பு, எல்லாம் உருண்டை. இரண்டாவது விமானம் வந்த அன்றே நீ டயல்களும் குமிழ்களும் பதித்த அதன் பேனலைப் பார்த்து, "இத யாரு செஞ்சாக? தூக்கக் கலக்கத்துல செஞ்சாகளா?" என்று கேட்டாய். நான், ஓட்டத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று மிதப்பாகச் சொன்னேன். விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் பேச்சுத்தான் அது.

அந்த மிதப்பு ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள் இறங்கியது.

உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். எனக்குச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. மயிலைக்கு எஞ்சின் வேலை முடிந்திருந்தது. ஓட்டிப் பார்க்க நான் இடது இருக்கையில், சத்தம் கேட்டுச் சொல்ல நீ வலது இருக்கையில். கிளம்புவதற்கு முன் வழக்கம்போல் விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். மூக்கில் சந்தனம், சக்கரத்தில் சந்தனம், கதவில் சந்தனம், வால் பக்கத்தில்கூட ஒரு பொட்டு. அழகாக இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம். ஆண்டிபட்டி கீழே சின்னதாகிறது. உயரம் காட்டும் டயலின் முள் மட்டும் ஓடுதளத்தின் உயரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வேகம் காட்டும் முள்ளோ ஏற ஏறக் குறைகிறது. எஞ்சின் சரியில்லையோ என்று மூக்கைத் தாழ்த்தினேன். அந்த நேரம் பார்த்து வருசநாட்டுப் பக்கத்திலிருந்து மேகம் வந்து நம்மை மூடிக்கொண்டது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியாது, என்ன வேகம் என்று தெரியாது, எந்தப் பக்கம் மலை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் மலை.

இப்படி வந்தால் என்ன செய்வது என்பது எனக்கு மனப்பாடம். விமானத்தின் விலாவில் இருக்கும் சின்னத் துளை வழியாக வெளிக்காற்று ஒரு குழாயில் வந்துதான் இந்த முட்களை நகர்த்துகிறது. துளை அடைத்துக்கொண்டால் ஒரு குமிழை இழுக்க வேண்டும். விமானத்துக்கு உள்ளே இருக்கும் காற்று அந்தக் குழாய்க்குப் போகும். முட்களுக்கு உயிர் வந்துவிடும். ஆல்டர்நேட் என்போம் அதை. செவலையில் அது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் நாள் தவறாமல் ஓட்டியது செவலையை. கை தானாகப் போய் த்ராட்டிலுக்குப் பக்கத்துக் குமிழை இழுத்தது.

மயிலையில் அந்த இடத்தில் இருந்தது எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் குமிழ். எஞ்சின் இருமியது. நீ கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

"தள்ளுடி உள்ள! பெட்ரோலுடி அது!"

நான் தள்ளுவதற்குள் உன் கை என் கைமேல் விழுந்து இரண்டும் சேர்ந்து தள்ளின. எஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது. "ஆல்டர்நேட் எங்கடி?" என்று நான் அலறினேன். "மயிலைக்கு அது கெடையாதுடி" என்றாய். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாய், அதன் கைப்பிடியால் என் முகத்துக்கு நேரே இருந்த டயல்களில் ஒன்றின் கண்ணாடியைப் படாரென்று உடைத்தாய். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் டயல் அது. உனக்குப் பைத்தியமோ என்றுகூட எனக்கு ஒரு நொடி தோன்றியது. உடைந்த வழியாகக் காற்றுப் போய், உயரம் காட்டும் முள் சோம்பேறி மாதிரி மெல்ல, மிக மெல்ல மேலே நகர ஆரம்பித்தது. அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே மேகத்தைவிட்டு வெளியே வந்தோம். வைகை அணைத் தண்ணீர் கண்ணில் பட்டதும் நான் அழுதேன். நீ மடியில் விழுந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

இறங்கியதும் நேராக விமானத்தின் விலாப் பக்கம் போனாய். பளபளவென்று காசு அளவில் ஒரு வட்டத் தகடு, நடுவில் ஊசித் துளை. பொட்டு வைக்கவென்றே செய்த இடம் மாதிரி இருக்கும் அது. பக்தியுள்ள ஒரு விரல் அங்கே கச்சிதமாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தது. நீ நகத்தால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு, "நல்ல சந்தனம்டி. ஒட்டிக்கிச்சு பாரு" என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் வைத்தது என்று கேட்டு ஹேங்கரையே இரண்டாக்கக் கிளம்பினேன். நீ கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"யாரு வெச்சாகன்னு தெரிஞ்சு என்னா செய்யப்போற? இவுகள வெரட்டுனா அடுத்த வருசம் வேற ஒருத்தரு வைப்பாக. பொட்டு வெச்சது தப்பு இல்ல. வெச்சாலும் நாம சாகாம இருக்கணும். அதுக்கு வழியப் பாரு."

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. உன்னை ஒரு வாரம் ஏசினேன்.

அடுத்த பூஜைக்கு நீ செய்த காரியத்தைப் பார்த்து ஹேங்கரே வாயைப் பிளந்தது. கழற்றிப்போட்ட ஒரு பழைய பேனலைத் துடைத்து, ஒரு பலகையில் அடித்து, சுவரோரம் சாய்த்து நிறுத்தினாய். மயிலையின் உடைந்த கண்ணாடி டயலையும் அதிலேயே பொருத்தியிருந்தாய். "பூசுறதெல்லாம் இங்கன பூசுங்க. சாமி இங்கன வந்து வாங்கிக்கிரும்" என்றாய். இந்த வருடமும் அந்தப் பேனலுக்குத்தான் பூஜை. காலையில் வந்த வாசனையும் அதிலிருந்துதான்.

ஆனால் உனக்கு அது போதவில்லை. நாலு விமானத்துக்கும் பேனல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தாய். பழைய டயல்களை எடுத்துவிட்டு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இரண்டு திரைகள். எல்லாவற்றிலும் ஒரே அளவுக் கணக்கு. குழாய்க் காற்றை நம்பாமல் செயற்கைக்கோள் சொல்லும் உயரமும் எல்லாத் திரையிலும் ஒரே மூலையில். ஆல்டர்நேட் குமிழ் எல்லாவற்றிலும் பேனலின் இடது கீழ் ஓரத்தில், எஞ்சின் குமிழ்களைவிட்டுத் தள்ளி, தொட்டாலே தெரியும்படி சதுரமாக. முதலாளி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏத்தா, எஸ்டேட்ல நம்ம டிரைவர் பயலுக நாலு ஜீப்ப மாத்தி மாத்தி ஓட்டுறானுக. ஒருத்தன் இப்பிடிக் கேட்டானா?"

"ஜீப்ப ஓரமா நிப்பாட்டலாம்ணே. இத எங்கன நிப்பாட்டுவீக?"

அவரும் ஓரளவு ஓட்டப் பழகியவர், அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. நீ அதையே பிடித்தாய். ஒரு நாள் உன் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டி, எஞ்சின் ஓடாமல் நின்ற செவலையில் ஏற்றினாய். "மேல மேகம்ணே. டயலு நின்னு போச்சு. ஆல்டர்நேட்ட இழுங்க." அவர் சட்டென்று இழுத்தார். வாயெல்லாம் பல். கண்ணை அவிழ்க்காமலே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மயிலையில் உட்காரவைத்தாய். இப்போதும் அதே. அவர் கை அதே இடத்துக்குப் போய் அதே வேகத்தில் இழுத்தது.

"எஞ்சின் நின்னுருச்சுண்ணே" என்றாய்.

அவர் கட்டை அவிழ்த்துவிட்டு அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்தா, என்னையக் கொன்னுட்டியே" என்றார் கடைசியில். நீ, "கொல்லலண்ணே, தரையிலதான் இருக்கீக. எறங்கி வாங்க, காப்பி சாப்பிடுவோம்" என்றாய். காப்பி ஆறுவதற்குள் சம்மதம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனை வருடம்! விமானத்தில் ஒரு குமிழை இடம் மாற்றுவது வீட்டில் அலமாரியை நகர்த்துவது மாதிரி இல்லை. ஒவ்வொன்றுக்கும் வரைபடம், ஒவ்வொன்றுக்கும் அனுமதி, திருப்பி அனுப்பினால் மறுபடி வரைபடம். விமானம் ஓட்டுகிறவர்கள் வேறு, திரை வந்தால் கண் கெடும், கை மறக்கும் என்றெல்லாம் முணுமுணுத்தார்கள். அவர்களிடம் நீ ஒரே ஒரு பதில் வைத்திருந்தாய். "உங்க வீட்ல கரண்டு போனா இருட்டுல சுவிட்சு பெட்டிக்குக் கை தானாப் போகுதுல்ல? அடுத்த வீட்ல போயி நின்னா செவத்தத் தடவுவீக. மேல போயி செவத்தத் தடவ நேரம் இல்ல." அதற்கு மேல் நீ அவர்களைப் பேசவிட்டதில்லை. செவலை முடிந்தது, காரி முடிந்தது, வெள்ளச்சி முடிந்தது. மயிலை பாதியில் இருக்கும்போது நீ மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துவிட்டாய்.

அந்த வீடியோ காலை நான் மறக்கவே மாட்டேன். மயிலையின் பேனல் முடிந்துவிட்டது, உனக்குக் காட்டிச் சந்தோஷப்படுத்தலாம் என்று போனைத் தூக்கிக்கொண்டு காக்பிட்டில் ஏறினேன். திரைகளைப் பார்த்தாய், தலையாட்டினாய். "கீழ காட்டு" என்றாய். காட்டினேன். "ஸ்கேல் வெச்சுக் காட்டு." வைத்தேன். உள்ளே ஒரு இரும்புச் சட்டம் குறுக்கே வந்ததால் நம் பையன்கள் குமிழை ஒரு விரற்கடை வலது பக்கம் தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். நான் பார்த்தேன்தான், அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

"தள்ளி இருக்குடி."

"ஒரு விரக்கடைதானடி. விடு. ஒடம்பப் பாரு."

"ஒரு விரக்கடை தள்ளுனா அது வேற வீடு. கழட்டச் சொல்லு."

"அந்தச் சட்டத்த மாத்தணும்னா திரும்ப அனுமதி வாங்கணும்டி. மாசக்கணக்கா நிக்கும் மயிலை."

"நிக்கட்டும். நின்னா யாரும் சாகமாட்டாக."

உன் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "ஏம்மா, டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காக, ஒரு விரக்கடைக்கு இந்தப் பாடா?" என்று அலுத்துக்கொண்டது போனில் கேட்டது. அவரையும் ஏசினாய். ஊசி ஏற்றிய கையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாய். "இங்கன. இங்கனதான் இருக்கணும்." எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலோடுதான் கழற்றச் சொன்னேன். மயிலை திரும்பப் பறந்தபோது நீ இல்லை.

இனி நேற்றைய கதை. உன் மகள் லைசென்ஸ் வாங்கி, இப்போது இங்கேயே பயிற்சி கொடுக்கும் ஆளாக இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவளுக்கும் உன் வீட்டுக்காரருக்கும் நடுவே ஓர் ஏற்பாடு உண்டானது நீ போன பிறகு. சுருளிப்பட்டியில் உங்கள் திராட்சைத் தோட்டத்தின் மேல் வந்ததும் அவள் இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டிவிட்டுத் திரும்புவாள். கீழே பந்தலுக்கு வெளியே வந்து அவர் துண்டை ஆட்டுவார். பஸ்ஸில்கூட முன் சீட்டில் உட்காராத மனுஷர், அந்த ஒரு நிமிடத்துக்காகவே காலையில் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

நேற்று பூஜைக்குப் பிறகு முதல் பறப்பு. அவள் தனியாக மயிலையை எடுத்துக்கொண்டு போனாள். போன மாதம் முழுக்க அவள் ஓட்டியது செவலை. மயிலையில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. நான் ரேடியோ அறையில் இருந்தேன். பள்ளத்தாக்கின் கோடிக்குப் போனால் மலை மறைத்து ரேடியோ எடுக்காது, அதனால் சத்தம் இல்லாதது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போன் அடித்தது. உன் வீட்டுக்காரர்.

"மதினி, பிள்ள இப்பத் தலைக்கு மேல போச்சு. ரெக்கைய ஆட்டல."

"மறந்திருப்பா தம்பி."

"சோறு திங்க மறப்பா, அத மறக்கமாட்டா மதினி. இங்கன மேகம் நல்லா எறங்கிக் கெடக்கு. இப்பச் சத்தம் மட்டும்தான் கேக்குது. ஆள் தெரியல."

சுருளிப்பட்டியில் மலை எவ்வளவு கிட்டத்தில் நிற்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோவில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். போனில் அவர் மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. போனை வைக்கவே மாட்டார். அந்த நேரத்தில் எனக்கு உன் முகம்தான் வந்தது. உன் பிள்ளையை எந்தக் கையால் உன்னிடம் திருப்பிக் கொடுப்பேன் என்று நினைத்தேன். நீ இல்லை என்பதுகூட அப்போது மறந்துபோயிற்று.

பிறகு ரேடியோ கரகரத்தது. உன் மகள்தான். ஆங்கிலத்தில், விதிப்படி, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: வெளிக்காற்றுத் துளை அடைத்துக்கொண்டது, ஆல்டர்நேட்டை இழுத்துவிட்டேன், உயரம் சரியாக இருக்கிறது, மேகத்தைவிட்டு வெளியே வந்துவிட்டேன், திரும்பி வருகிறேன். காய்கறி வாங்கிவிட்டேன் வருகிறேன் என்பதுபோல் இருந்தது குரல்.

"என்னா சொல்றா மதினி? என்னா சொல்றா?"

"வர்றா தம்பி. நல்லா இருக்கா. வர்றா."

அந்தப் பக்கம் அவர் விம்முவது கேட்டது. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம், அவரே பிறகு சொன்னார். நானும் இங்கே அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடுதளத்துக்குப் போவதற்குள் மயிலை வந்து பூப்போல் இறங்கியது. உன் மகள் குதித்து இறங்கி, "பெரியம்மா, காப்பி இருக்கா?" என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போலும் கட்டிக்கொள்ள வேண்டும்போலும் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

குழாயைக் கழற்றிச் சாய்த்ததும் தண்ணீர் சொட்டியது. உனக்கு இது பிடிக்கும்: குற்றவாளி மறுபடியும் ஆயுத பூஜைதான். முதலாளி புதிதாக வாங்கிய ஹோஸ், தண்ணீர் சீறிக்கொண்டு வரும். பூஜைக்கு முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து விமானங்களைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் குழாயின் வளைவில் படுத்துக்கொண்டது. அவள் மயிலையின் மூக்கைத் தூக்கி ஏறியபோது நகர்ந்து வந்து அடைத்துவிட்டது. வெளியே இருந்து எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. சந்தனத்துக்கு வழி கண்ட நீ தண்ணீரை மறந்துவிட்டாய், பார்த்தாயா. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு எப்போதாவதுதான் வாய்ப்பு வரும், விடுவேனா?

ஹோஸை யார் பிடித்தது என்று நான் கேட்கவில்லை. ஆளாளுக்கு என் முகத்தைப் பார்த்தார்கள், கேட்பேன் என்று. அந்தத் துளைப் பக்கம் இனி ஈரத்துணி மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, குளிப்பாட்டிய மறுநாள் குழாயைக் கழற்றி வடிய விடுவது பூஜை வேலைகளில் ஒன்று என்று சேர்த்துவிட்டேன். வழியைப் பார் என்றாய் அல்லவா, பார்த்துவிட்டேன்.

காப்பி குடிக்கும்போது அவளிடம் கேட்டேன். திரையின் மூலையில் செயற்கைக்கோள் சொன்ன உயரம் ஏறிக்கொண்டே போனது, குழாய்க் காற்றை வைத்து நடுவில் பெரிதாகக் காட்டிய உயரம் நின்றுவிட்டது, அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது என்றாள். அதற்குள் மேகத்துக்குள் போயாயிற்று. அப்பா நினைப்பு வந்ததாம். இறக்கையை ஆட்டும் நேரம் இது இல்லை என்று விட்டுவிட்டாளாம்.

"பயத்துல ஆல்டர்நேட்ட எப்பிடிடி தேடுன? மாசம் பூரா செவலையிலதான இருந்த?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள்.

"தேடலயே பெரியம்மா. கை போச்சு. அங்கன இருந்துச்சு."

அவ்வளவுதான். நீ பாதி ஆயுளைப் போட்டதற்கு அவள் சொன்ன கணக்கு அவ்வளவுதான். தான் தப்பித்ததே அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கண்ணை மூடிக்கொண்டு காற்றில் தொட்டுக் காட்டியதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. தெரியாமல் இருக்கட்டும். வீட்டுச் சுவிட்சுப் பெட்டியை யார் எந்த உயரத்தில் வைத்தார்கள் என்று நாம் என்றைக்காவது கேட்டோமா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் முறுக்கை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மயிலையின் குழாய்கள் எல்லாம் காய்ந்து, ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாகிவிட்டது. அதில்தான் அவள் கிளம்பிப் போய் அரை மணி நேரம் இருக்கும். போன் அடிக்கிறது, பார், உன் வீட்டுக்காரர்தான்.

"ஆட்டிட்டா மதினி. ரெண்டு பக்கமும் நல்லா ஆட்டிட்டா."

"சரி தம்பி."

"அவகிட்டச் சொன்னீகளா?"

யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "அந்த விரக்கடைக்கு நானும் ஆஸ்பத்திரில வெச்சுச் சண்ட போட்டேன்ல. அது தப்புன்னு எழுதிருங்க" என்றார். எழுதிவிட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நமக்கு ஐந்தாவது விமானம் வந்திருக்கிறது. உடம்பில் திட்டுத் திட்டாக இரண்டு நிறம் இருப்பதால் நானே புல்லை என்று பேர் வைத்துவிட்டேன். அதன் பழைய பேனலை எடுத்துவிட்டு நம்முடையதை மாட்டுகிறார்கள். இன்று காலை நான் சந்தன வாசனையில் நின்றுகொண்டிருந்தபோது நம் மெக்கானிக் வந்து, "மேடம், ஆல்டர்நேட் மாட்டியாச்சு. கொஞ்சூண்டு தள்ளி இருக்கு, அரை விரக்கடைகூட இருக்காது. ஓகேதான?" என்று கேட்டார். புல்லைக்குள் ஏறி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினேன். விரல் நுனி வெறும் தகட்டில் பட்டது.

"கழட்டுங்க" என்றேன்.